கையுறைக்குள் ஒரு கடிதம்

சோலையப்பனுக்கு இரண்டு எஜமானர்கள். ஒருவர் உயிரோடு இருக்கும் ஹெல்கா மேடம். இன்னொருவர், செத்து நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட ஒரு ஜெர்மன் இளவரசர். சம்பளம் கொடுத்தது மேடம்தான். ஆனாலும் மனசுக்குள் அவன் சலாம் வைத்தது இளவரசருக்கு.

ஜெபல் அலியைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் போனால் மேடத்தின் குதிரை லாயம் வரும். முப்பது குதிரைகள். துபாய்க் குழந்தைகளும் வெள்ளைக்காரப் பெண்களும் சாயங்காலம் வந்து சவாரி பழகுவார்கள். முதுகுளத்தூர்ப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சோலையப்பன், விசாவில் 'தோட்டத் தொழிலாளி' என்று எழுதியிருந்ததை நம்பி வந்து இறங்கினான். தோட்டமும் இல்லை, ஒரு செடியும் இல்லை. குதிரை குணமறிந்துதான் ஆண்டவன் கொம்பு கொடுக்கவில்லை என்பார்கள். கொம்பில்லாமலே முதல் மாதம் இரண்டு விலா எலும்பை உடைத்துக்கொண்டான். பதினேழு வருஷம் கழித்து, அந்த லாயத்தில் அவன் கை படாமல் எந்தக் குதிரையும் ஒழுங்காகத் தண்ணீர் குடிக்காது என்று ஆயிற்று. இது அவனே சொல்லிக்கொண்டது. பாதி உண்மை.

சேணங்கள் மாட்டிய அறைச் சுவரில் இளவரசரின் படம் இருந்தது. முறுக்கின மீசை, மார்பு நிறையப் பித்தான், வாள் பிடியில் ஒரு கை. பெயர் எபர்ஹார்ட். மேடத்தின் அம்மாவுக்குத் தாத்தா. லாயத்தின் மூத்த குதிரையான இருபத்திரண்டு வயசு ஆண்குதிரைக்கும் மேடம் அதே பெயர்தான் வைத்திருந்தார். நாக்கில் நிற்காத பெயரை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியுமா? சோலையப்பனும் சாதிக் பாட்ஷாவும் அதை ராஜா என்றே கூப்பிட்டார்கள். சாதிக் பாட்ஷா தொண்டிக்காரன், சோலையப்பனோடு ஒரே அறையில் படுக்கிறவன், அவனைவிடப் பத்து வயசு இளையவன்.

சவாரி முடிந்து ராஜாவின் முதுகைத் தேய்த்துவிடும் நேரத்தில் மேடம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு இளவரசர் கதை சொல்லுவார். லாயத்து இந்தியும் இங்கிலீஷும் கலந்த பேச்சு. அதில் சோலையப்பனுக்குப் பாதி புரியும். மீதியை அவனே நிரப்பிக்கொள்வான்.

எபர்ஹார்ட் ஒரு சின்ன சமஸ்தானத்தின் இரண்டாவது பிள்ளை. பட்டம் அண்ணனுக்கு, இவருக்குக் குதிரை. பதினோரு வயசில் குதிரைப்படைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். தோள்பட்டை எலும்பை மூன்று தடவை முறித்துக்கொண்டார். அரண்மனையில் மெத்தை இருக்க, லாயத்து வைக்கோலில் படுத்தார். முப்பத்தெட்டாவது வயசில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மகளைக் கட்டிக்கொள்வேன் என்று நின்று, கட்டியும் கொண்டார். அவள் பெயர் மரியானே. அண்ணன் அதோடு பேச்சை நிறுத்திவிட்டான். இரண்டு வருஷம் கழித்துப் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை வந்தது. அவள் நிறைமாசம். அவர் குதிரையேறிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் வருகிற இடத்துக்காகத்தான் சோலையப்பன் தேய்ப்பதை நிறுத்துவான். முந்நூறு குதிரைகள் வரிசைகட்டி நிற்கின்றன, ஊதுகொம்பு ஊதப் போகிறது. தபால்காரன் ஓடிவந்து ஒரு கடிதத்தை நீட்டுகிறான். மரியானேயின் கையெழுத்து. இளவரசர் அதைப் பிரிக்கவில்லை. வலது கையுறைக்குள் சொருகிக்கொண்டு வாளை உருவினார். அன்றைக்கு இரண்டு குதிரைகள் அவருக்கடியில் செத்தன, மூன்றாவதில் ஏறி அந்தச் சண்டையை ஜெயித்தார். "வேலை முதல், மத்ததெல்லாம் அப்புறம்," என்று முடித்துவிட்டு மேடம் எழுந்து போய்விடுவார்.

சோலையப்பனுக்கு மயிர் சிலிர்க்கும். ஆம்பளை என்றால் இதுவல்லவா என்று தோன்றும். சாதிக் பாட்ஷாவிடம் சொன்னான், பக்கத்து லாயத்து பாகிஸ்தானியிடம் சொன்னான், வீட்டுக்குப் போன் போட்டு நாகவள்ளியிடமும் சொன்னான்.

நாகவள்ளிக்குச் சிலிர்க்கவில்லை. "புள்ளத்தாச்சி எழுதுன லெட்டரு. பிரிச்சுப் பாக்கறதுக்கு எம்புட்டு நேரம் ஆயிரும்?" என்றாள்.

"சண்டை நடக்கையில எப்படிப் படிக்கிறது? புரியாமப் பேசுற."

"சரி, சண்ட முடிஞ்சு படிச்சாரா?"

"படிச்சிருப்பாரு."

"படிச்சிருப்பாருன்னா? அதுல அவ என்ன எழுதியிருந்தா? அதக் கேட்டுச் சொல்லுங்க."

அவன் கேட்கவில்லை. அவனுக்குக் கதை வெற்றியோடு முடிந்துவிட்டது. பொம்பளைகளுக்குத்தான் முடிந்த கதைக்கு வால் தேடுகிற புத்தி என்று சிரித்துக்கொண்டான். அவளும் விடவில்லை. மாசத்துக்கு ஒரு தடவையாவது, "அந்த ராசகுமாரன் லெட்டரு என்னாச்சு?" என்பாள்.

அவர்கள் போன் பேசுவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணமாகி அவன் கடல் தாண்டிய முதல் வருஷம் வந்த வழக்கம். அவள் அடிப்பாள், இரண்டு மணியில் வெட்டிவிடுவாள். அவன் டூட்டி முடிந்ததும் திருப்பிக் கூப்பிடுவான். அப்போது வெளிநாட்டுக்கு ஒரு நிமிஷம் பேசுவது பெரிய விஷயம். இப்போது அப்படியில்லை. ஆனால் கை பழகிவிட்டது. சோறு வடிக்கிற மாதிரி, யோசிக்காமல் இரண்டு மணியில் வெட்டுவாள். சட்டைப் பையில் இரண்டு தடவை துடித்து அடங்கினால், வீட்டில் எல்லாரும் சுகம், சாயங்காலம் பேசலாம் என்று அர்த்தம். பதினேழு வருஷமாக அதற்கு வேறு அர்த்தமே இருந்ததில்லை.

ஆகஸ்டில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று மதுரையில் சொன்னார்கள். வியாழக்கிழமை ஆபரேஷன். சோலையப்பன் உடனே கிளம்பவா என்று கேட்டான். "இப்ப வந்து ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து என்ன செய்யப் போறீக? கூடச் சங்கீதா இருக்கா. தையல் பிரிச்சு வீட்டுக்கு வந்த பெறகு ஒரு மாசமா வந்து இருங்க," என்றாள் நாகவள்ளி. சங்கீதா அவர்கள் ஒரே மகள், பத்தொன்பது வயசு, காலேஜில் படிக்கிறாள். சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மேடத்திடம் செப்டம்பரில் ஒரு மாசம் லீவு கேட்டு வாங்கினான்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ராஜா தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. முன்னங்காலால் மணலைப் பிறாண்டியது. கழுத்தெல்லாம் வியர்வை. குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் அது மனுஷ வயிற்றுவலி இல்லை. வாந்தி எடுக்க அதற்கு வராது. வலி தாங்காமல் கீழே விழுந்து புரளும், புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும், அதோடு முடிந்தது. டாக்டர் வருகிற வரைக்கும் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே இருக்க வேண்டும். டாக்டர் வேறொரு லாயத்தில் இருந்தார், வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார். மேடம் போனிலேயே அழுதுவிட்டார்.

கூரை போட்ட சவாரி மைதானத்தில் நடை ஆரம்பித்தது. கூரைக்கு அடியிலும் அனல். ராஜா முழங்காலை மடக்கும்போதெல்லாம் அவன் கயிற்றைச் சுண்டி, தோளால் முட்டி, "ஹே ராஜா, நட, நட சாமி," என்று கெஞ்சினான்.

பதினொன்றே முக்காலுக்குப் பையில் போன் இரண்டு தடவை துடித்து அடங்கியது. வழக்கமானதுதான். பன்னிரண்டு மணிக்கு மறுபடி இரண்டு. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது முறையும் இரண்டே மணி.

தண்ணீர் வாளியோடு போய்வந்துகொண்டிருந்த சாதிக் பாட்ஷாவுக்கு மூன்றும் கேட்டது. "அண்ணே, மூணாந்தடவ அடிக்குது. எடுத்துப் பேசுங்களேன். கயித்த எங்கிட்ட குடுங்க, அஞ்சு நிமிஷம் நான் நடத்துறேன்."

"இது எங்கிட்டத்தான் நிக்கும். வீட்டுல தாம்ப்பா, மிஸ்டு கால். டூட்டி முடிச்சுக் கூப்புட்டுக்கிறேன்."

"மூணு தடவ ஏண்ணே அடிக்கணும்?"

சோலையப்பன் நின்றான். உண்மையில் அவன் மனசும் ஒரு கணம் இடறத்தான் செய்தது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள். கை சட்டைப் பை வரைக்கும் போனது. ஆனால் அதே கணத்தில் கையுறைக்குள் கடிதத்தைச் சொருகும் இளவரசர் கண்முன் வந்து நின்றார். சோலையப்பன் பையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "வேலை முதல் பாட்சா, மத்ததெல்லாம் அப்புறம்," என்றான். சொல்லும்போது அவன் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பிற்பாடு அவன் தன்னை மன்னிக்க முடியாமல் போனது போனை எடுக்காததற்காக இல்லை, அப்படி நெஞ்சு நிமிர்ந்ததற்காக.

பன்னிரண்டேகாலுக்கு ஒரு 'டிங்' சத்தம். அதையும் பார்க்கவில்லை.

டாக்டர் ஒன்றரைக்கு வந்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கி, ஊசி போட்டார். மூன்று மணிக்கு அடைப்பு விட்டு ராஜா சாணி போட்டது. லாயமே கை தட்டியது. மேடம் சோலையப்பனைக் கட்டிக்கொண்டு, எபர்ஹார்ட் இருந்திருந்தால் உனக்கு ஒரு பதக்கம் குத்தியிருப்பார் என்றார். அவன் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே ஒரு மூலைக்குப் போய்ப் போனை எடுத்தான். மூன்று மிஸ்டு கால். நாகவள்ளியிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ், நாற்பத்தேழு விநாடி. அதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், நேராகவே பேசிவிடுவோம் என்று கூப்பிட்டான்.

சங்கீதா எடுத்தாள். "ரத்தப்போக்கு நிக்கலப்பா. வியாழக்கிழமை வரைக்கும் தாங்காதுன்னு இன்னைக்கே உள்ள கொண்டு போயிட்டாங்க. அம்மா உங்ககிட்டப் பேசணும்னு ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே அடிச்சுச்சு."

"நீயாச்சும் முழு மணி அடிக்கக் கூடாதாத்தா?"

"அம்மா போனத் தரல. நீங்க கூப்பிடுவீங்க, கூப்பிடுவீங்கன்னு கையிலேயே வச்சிருந்துச்சு."

நாகவள்ளி அதற்குப்பின் கண் திறக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் போய்விட்டாள். மேடமே டிக்கெட் போட்டு, அவரே வண்டியோட்டி விமான நிலையத்தில் கொண்டுவிட்டார். சோலையப்பன் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் ஐஸ் பெட்டிக்குள் அவள் மூக்குத்தி கழற்றின முகத்தோடு கிடந்தாள். கொள்ளி வைத்தான், பதினாறாம் நாள் காரியம் முடித்தான். ஊரார் வந்து துக்கம் கேட்டார்கள், நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். அவன் குதிரைக்கு உடம்பு சரியில்லாமல் போனதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

சங்கீதாவுக்குத் தெரியும், சாதிக் பாட்ஷாவிடம் பேசியிருக்கிறாள். அவள் சண்டை போடவில்லை. திட்டியிருந்தாலாவது அவனுக்கு ஆறியிருக்கும். "மூணு தடவ அடிச்சுச்சுப்பா," என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அதற்கப்புறம் சோறு போட்டாள், துணி துவைத்துப் போட்டாள், பேசவில்லை. அம்மாவின் போனைத் தினமும் சார்ஜ் போட்டுத் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். அவளைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு அவன் திரும்பி வந்தான்.

வாய்ஸ் மெசேஜை அவன் கேட்கவில்லை. விமானத்தில் கேட்கவில்லை, சுடுகாட்டிலிருந்து வந்த பிறகு கேட்கவில்லை, திரும்பி வந்தும் கேட்கவில்லை. தினமும் அதைத் திறந்து பார்ப்பான். நாற்பத்தேழு விநாடி என்று போட்டிருக்கும். விரலை அதன் மேலே கொண்டுபோவான், மூடிவிடுவான். ஏன் என்று சாதிக் பாட்ஷா கேட்டபோது, "இருக்கட்டும் பாட்சா, கடைசியா அது ஒண்ணுதான் பாக்கி இருக்கு," என்றான். அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அவள் அதில் என்ன திட்டியிருப்பாளோ, எப்படி அழுதிருப்பாளோ என்று பயந்தான். பொழுதன்றைக்கும் ராஜாவையே தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குதிரை மேல் அவனுக்குக் கோபமே வரவில்லை, அதுவும் அவனுக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

வந்து ஒரு வாரம் கழித்து மேடம் வழக்கம்போல வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். கதை சொல்லவில்லை. சாதிக் பாட்ஷா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான், மூன்று மிஸ்டு காலையும், "வேலை முதல்" என்று இவன் சொன்னதையும் சேர்த்து. மேடத்தின் முகம் கன்றியிருந்தது. எழுந்து சேண அறைக்குள் போய் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். அதற்குள் மெல்லிய துணியில் பொதிந்த ஒரு கடித உறை. பழுப்பேறி, ஓரத்தில் பழைய கறை. பின்பக்கம் சிவப்பு அரக்கு முத்திரை. அந்த முத்திரையில் ஒரு கீறல்கூட இல்லை.

சோலையப்பன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "யே வோ லெட்டர் ஹை, மேடம்?"

அதேதான் என்று தலையாட்டினார். அவர் சொன்னது அவனுக்கு அன்று முழுசாகப் புரிந்தது. சண்டை முடிந்த சாயங்காலம் தந்தி வந்தது. பிரசவத்தில் மரியானே இறந்துவிட்டாள், பெண் குழந்தை பிழைத்துக்கொண்டது என்று. கடிதம் இளவரசரின் கையுறைக்குள்ளேயே இருந்தது. பிரிக்க வேண்டும் என்று எடுத்தார், முடியவில்லை. நாளைக்கு என்றார். அப்படியே இருபத்துமூன்று வருஷம் உயிரோடிருந்தார். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்காருவாராம். மகளோடும் அவர் சரியாகப் பேசியதில்லை. அவள் முகத்தில் அம்மா இருந்தாள்.

"எங்க வீட்டுல இத வீரம்னு சொல்லித்தான் எங்கள வளத்தாங்க," என்றார் மேடம் தன் லாயத்து இந்தியில். "நானும் உனக்கு அப்படித்தான் சொன்னேன். முடிவ நான் யாருக்கும் சொல்றதில்ல. சண்டைக்கு முன்னாடி பிரிக்காதது கடமைன்னே வச்சுக்க. அதுக்கப்புறம் பிரிக்காதது வெறும் பயம். சோலை, உனக்குத் தப்பான கதையச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிரு."

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவனுக்குக் கசந்தது. யார் மேல் கசப்பு? மேடம் மேல் எப்படிக் கோபப்படுவான்? கயிற்றை வாங்க ஒரு ஆள் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றானே.

ராஜாவை அவிழ்த்து மைதானத்துக்கு நடத்திக்கொண்டு போனான். வெயில் தாழ்ந்திருந்தது. அன்றைக்கு நடந்த அதே வட்டத்தில் பாதி தூரம் போனதும் நின்று, போனை எடுத்து, யோசிக்க நேரம் கொடுக்காமல் அமுக்கிவிட்டான்.

முதலில் ஆஸ்பத்திரி இரைச்சல். அப்புறம் நாகவள்ளி. மூச்சு வாங்கினாலும் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"ஏங்க, நாந்தான். மூணு தடவ அடிச்சேன். டூட்டியில இருக்கீக போல. அந்தக் குதிரைக்குத்தான் ஏதோ மேலுக்கு முடியல போல, இல்லாட்டி கூப்ட்டிருப்பீக. பாருங்க, வாயில்லாச் சீவன். இங்க வியாழக்கெழமன்னவுக இன்னைக்கேன்றாக. பயப்படாதீக, எனக்கு ஒண்ணும் பயமில்ல. பீரோ சாவிய சங்கீதாட்ட குடுத்துட்டேன். அவ ரெண்டு நாளாச் சாப்பிடல, அவள ஒரு வார்த்த கேளுங்க. வேற என்னமோ கேக்கணும்னு இருந்தேன். ஆங், அந்த ராசகுமாரன் லெட்டரு. பெறகாச்சும் பிரிச்சுப் படிச்சாரா இல்லியா? எத்தன தடவ கேட்டுட்டேன். இன்னைக்காச்சும் அந்தம்மாட்ட கேட்டு வைங்க. முழிச்சதும் கேப்பேன்."

அவ்வளவுதான். திட்டு இல்லை, அழுகை இல்லை. சோலையப்பன் குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான். ராஜா காதை ஆட்டிக்கொண்டு நின்றது.

கையிலிருந்த போன் துடித்தது. திரையில் நாகவள்ளி என்று வந்தது. இரண்டு மணியில் வெட்டிவிடுகிற வழக்கம். அவன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு முதல் மணியிலேயே எடுத்தான்.

அவன் எடுப்பான் என்று கூப்பிட்டவள் எதிர்பார்க்கவில்லை. "அப்பா," என்றாள் சங்கீதா. "அம்மா போன்ல அந்த மெசேஜ்ல மைக் குறி நீலமாச்சு. கேட்டுட்டீங்களா?"

"கேட்டேன்த்தா."

"நான் கேக்கல. எனக்குத் தைரியம் வரல. அம்மா என்னப்பா சொல்லுச்சு?"

"நீ சாப்டியான்னு கேக்கச் சொல்லுச்சு. பெறகு அந்த ராசகுமாரன் லெட்டரப் படிச்சாரா இல்லியான்னு கேட்டுச்சு."

"எங்கிட்டயும் சொல்லும். இந்த மனுசன் கேட்டே சொல்ல மாட்டேங்கிறாகன்னு." அவள் குரல் உடைந்தது. "படிச்சாராப்பா?"

கயிறு மணலில் கிடக்க, ராஜா மெல்ல நடந்து மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் பிடிக்கப் போகவில்லை.

"படிக்கலத்தா," என்றான். "சாகுற வரைக்கும் படிக்கல."

அவள் அழுவது கேட்டது. அவனும் மறைக்கவில்லை. வெகு நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நாளைக்கும் கூப்பிடுவேன். எடுங்க," என்றாள்.

"எடுக்கிறேன்," என்றான் சோலையப்பன். "நீ வெட்டிராத. மணி அடிக்கட்டும்."